எலி கொறிக்கும் சத்தம்

மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று வடிவு கவனித்தபோது, தொட்டுக்கொண்டுதான் இருந்தன. தொட்டுக்கொண்டு என்பதுகூடச் சரியில்லை. திருவிழாக் கூட்டத்தில் தாய் பிள்ளையின் கையைப் பிடித்திருப்பதுபோல ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தன. விட்டாள். தாடையின் இரண்டு மூலையிலும் ஏதோ அவிழ்ந்தது, அவிழ்ந்த இடம் வலித்தது. சாப்பிடும்போது மட்டும்தான் பல்லும் பல்லும் தொடலாம், மற்ற நேரமெல்லாம் உதடு மூடியிருந்தாலும் உள்ளே பல் விலகியே இருக்க வேண்டும் என்று டாக்டர் இப்போதுதான் சொல்லியிருந்தார். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்குமாம். முப்பத்தொரு வயது வரைக்கும் வடிவுக்கு இது தெரியாது. வாயை மூடினால் கதவு மாதிரி பல்லும் மூடிக்கொள்ளும், அதுதான் அதன் இடம் என்று நினைத்திருந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்தப் பல் ஆஸ்பத்திரி. சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தவளுக்குத் தலைக்கு மேலிருந்த விளக்கின் விளிம்பில் தன் வாய் சின்னதாகத் தெரிந்தது, யாருடைய வாயோபோல. முதலில் காதுவலி என்றுதான் நினைத்தாள். காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் காது சுத்தமாக இருக்கிறதே என்றார். பிறகு தலைவலி. காலையில் அவள் எழுவதற்கு முன்னாலேயே எழுந்து நெற்றிப்பொட்டில் உட்கார்ந்திருக்கும். தைலம் தடவினாள், மூக்குக்கண்ணாடியை மாற்றினாள். போன வாரம் தயிர்ச்சோறு சாப்பிடும்போது வாயில் கல் தட்டுப்பட்டது. துப்பிப் பார்த்தால் கல் இல்லை, கடைவாய்ப்பல்லின் ஒரு முனை. தயிர்ச்சோற்றிலா பல் உடையும் என்று அம்மா கேட்டாள், அரிசி களையும்போது பார்க்கவில்லையா என்றும் கேட்டாள். டாக்டர் அரிசியைப் பற்றிக் கேட்கவில்லை. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள், மனதில் ஏதாவது டென்ஷனா, வேலையிலா வீட்டிலா என்று கேட்டார். அதெல்லாம் ஒன்றும் இல்லையே என்று வடிவு சொன்னாள், சொல்லும்போதே பல் சேர்ந்துகொண்டது. கூடத் தூங்குபவர்கள் யாராவது சத்தம் கேட்கிறது என்று சொன்னதுண்டா என்றார். அம்மா பக்கத்துக் கட்டிலில்தான் படுக்கிறாள், அவள் அப்படி எதுவும் சொன்னதில்லை. இல்லை என்றாள். சின்ன வயதில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி வாயில் போடுவாள் அம்மா. கசப்புக்குப் பயந்து தூங்காமல் கிடந்த ஞாபகம் இருக்கிறது. பூச்சியாக இருந்திருக்கலாம். பூச்சிக்கு மருந்து உண்டு.

ராத்திரி பல்லின் மேல் போட்டுக்கொள்ள ஒரு உறை செய்ய வேண்டும், அதற்கு அளவு எடுக்க வேண்டும். உதவிக்கு இருந்த பேச்சி என்ற நடுவயதுப் பெண் ஒரு ரப்பர் கிண்ணத்தில் இளஞ்சிவப்பு மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள், பஜ்ஜிக்குக் கரைக்கிற அதே கைச்சுற்று. கீழ்ப்பல்லின் அளவு முதலில் முடிந்தது. இரண்டாவது மேல்பல். மாவு நிறைந்த, லாடம்போல வளைந்த தகர வார்ப்பை டாக்டர் வாய்க்குள் ஏற்றி அழுத்திப் பிடித்துவிட்டு, இனி பேசக்கூடாது, தலையை அசைக்கக்கூடாது, மூக்கால் மூச்சு விடுங்கள், கெட்டியாகட்டும் என்றார். பிறகு பேச்சியை அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த அறையில் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையைப் பார்க்கப் போனார். பேசக்கூடாது என்றதும் வடிவுக்கு ஒரு நிம்மதி வந்தது, அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. இந்தக் கொஞ்ச நேரத்துக்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அவள் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு ஆய்வுக்குழு வரப்போகிறது, பழைய புத்தகங்களுக்கெல்லாம் புது எண் ஒட்ட வேண்டும், முடியுமா வடிவு என்று முதல்வர் கேட்க மாட்டார். பாத்ரூம் போகணும், எழுப்பிவிடுதியா என்று அம்மா கேட்க மாட்டாள். ஆனால் கேட்பாள், எதிர்வீட்டு மதினியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், மதினி டி.வி.யில் உட்கார்ந்தால் காது கேட்காது, அம்மா கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தானே எழுந்திருப்பாள், வாக்கரைப் பிடிக்காமல் சுவரைப் பிடிப்பாள், போன ஆடியில் அப்படித்தான் சுவரைப் பிடித்தாள், குளியலறையில் கிடந்தவளின் இடுப்பு ஒரு பக்கம் திரும்பியிருந்தது, அம்மா அழவில்லை, சேலையை இழுத்துவிடு முதல்ல என்றாள். வடிவு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். பல் இறுகப் பார்த்தது. இறுக முடியவில்லை, நடுவில் மாவு. அந்த வலி வர வேண்டிய இடத்தில் வராமல் போனது புதிதாக இருந்தது. கால் வைக்கப் போன இடத்தில் படி இல்லாததுபோல.

பொங்கல் வரைக்கும்தான் என்று ஆவுடை சொல்லியிருந்தான். ஆவுடையப்பன் அவள் தம்பி, சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். பொங்கல் கழிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஆறு மாதம் வைத்துக்கொள்வேன், நீ கொஞ்சம் மூச்சு விடு என்று அவனாகத்தான் சொன்னான், அவள் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தால் முன்னாலேயே கேட்டிருப்பாள். அதுவரை கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு எக்கா, என்பான் ஒவ்வொரு முறை போனை வைக்கும்போதும். ஆறு மாதத்தில் என்ன செய்வது என்று அவள் பெரிதாக எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். எழுந்ததும் யாரும் கூப்பிடுகிறார்களா என்று காது கொடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவை மனதில் துணி மாதிரி மடித்து வைத்திருந்தாள், அவ்வப்போது எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைப்பாள். திங்கட்கிழமை அவன் போன் செய்தான். ஜெர்மனியில் இரண்டு வருட வேலை, குடும்பத்தோடு போகலாம், இது தப்பினால் இனி வராது. குரலில் சந்தோஷம் இருந்தது, அதை அவன் அமுக்கிக்கொண்டிருந்தான், அமுக்கியதுதான் அவளைப் படுத்தியது. நீ வேண்டாம்னா நான் போகலக்கா, சத்தியமா. நீ சரின்னு சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன், சனிக்கிழமைக்குள்ள சொல்லு. நல்ல பையன். கெட்டவனாக இருந்திருந்தால் கேட்காமலே போயிருப்பான், அவளும் அழுதுவிட்டு மறுநாள் வேலைக்குப் போயிருப்பாள். இப்போது போவதும் போகாததும் அவள் வாயில் இருந்தது. அதற்குப் பிறகுதான் அவன் வீட்டில் குழந்தைக்குக் கம்பளிக் குல்லாய் வாங்கியிருக்கிறார்கள், போட்டோ அனுப்பியிருந்தான், மெட்ராஸ் வெயிலில் குல்லாயோடு அது வேர்த்து விறுவிறுத்துச் சிரித்தது. இன்று சனிக்கிழமை.

முடியாது என்று ஒரு சொல் இருக்கிறது, மற்றவர்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள். நூலகத்தில் பிள்ளைகள் சொல்கிறார்கள், ரெண்டு புத்தகம்தான் எடுக்கலாம் என்றால், முடியாது மேடம், மூணு வேணும். அவளுக்கு வாயில் இருப்பது ம் ஒன்றுதான். அப்பா கடையிலிருந்து வந்து அன்றைய கதையெல்லாம் சொல்வார், அவள்தான் ம் கொட்டுவாள், நடுவில் தூங்கிவிட்டாலும் ம் மட்டும் வந்துகொண்டிருக்கும் என்று அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கு, ஏட்டி, பையன் பிடிச்சிருக்கா என்று கேட்டார்கள், ம் என்றாள், பிடித்தும்தான் இருந்தது. பேச்சு வளர்ந்துகொண்டிருக்கையில் அப்பா இறந்துபோனார். மாப்பிள்ளை வீட்டாருக்குத் துக்கம் கழியும்வரை காத்திருக்க மனமில்லை. சரி இதை விட்டுருவோமா என்று கேட்டார்கள், அதற்கும் ம். இரண்டு ம்மும் ஒரே மாதிரிதான் கேட்டிருக்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவளுக்கு மட்டும் தெரியும். ம் என்று சொல்லும்போது பல் தொடுகிறதா என்று இப்போது யோசித்தாள். தொடும். உதடு மூடும், உள்ளே சத்தமில்லாமல் பல் மூடும், வெளியே யாருக்கும் தெரியாது. எத்தனை ம்.

பேச்சி பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு கை வடிவின் வாய்க்குள், இன்னொரு கை தன் இடுப்பில். கேட்பவர் பதில் சொல்ல முடியாது என்பது அவளுக்கு ஒரு குறையே இல்லை போலிருந்தது. மருந்துக்கடைக்காரர் படிக்கு விளக்குப் போடாதது, மகள் பி.காம் சேர்ந்தது, காலையில் தண்ணீர் வராதது. பிறகு நினைவு வந்தவள்போல, இந்தப் பல்லைக் கடிக்கிற சீக்கு தன் வீட்டிலும் உண்டு என்றாள்.

"எங்க வீட்டுக்காரவ கடிப்பாவ பாருங்க. கல்யாணமான புதுசுல நான் என்ன ஏதுன்னு தெரியாம விளக்கைப் போட்டுக்கிட்டு அரிசிப் பானையைப் பாக்கேன், கட்டிலுக்கு அடியில பாக்கேன். எலி கொறிக்குன்னு நினைச்சுட்டேன். அதே சத்தம். கடைசியில பாத்தா எலி என் பக்கத்துல போர்த்திட்டுப் படுத்திருக்கு."

சிரித்தாள். வார்ப்பு அசைந்தது, பிள்ளையாரே என்று மறுபடி அழுத்திப் பிடித்தாள். வடிவு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலி. ஐப்பசியிலிருந்து வீட்டில் எலி. ராத்திரியெல்லாம் கொறிக்குதுட்டி, அலமாரிக்குப் பின்னாலதான் இருக்கு, உனக்குக் கேக்கலையா என்று அம்மா தினமும் காலையில் சொல்வாள். கேட்டதில்லை. தூங்குகிறவளுக்கு எப்படிக் கேட்கும். பொறி வாங்கி வந்து, தேங்காய்ச்சில்லைச் சுட்டு, மணம் வரும்படி சுட்டு, கொக்கியில் குத்தி அலமாரிக்குப் பின்னால் வைத்தாள். காலையில் தேங்காய் அப்படியே இருக்கும், விளிம்பில் எறும்பு மட்டும். பழைய தேங்காயை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுட்டு வைப்பாள். கெட்டிக்கார எலி என்று அம்மா சொன்னாள். புத்தகங்களைத் தின்கிறதோ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியையே நகர்த்திப் பார்த்தாள், ஒரு புழுக்கைகூட இல்லை, அப்போதும் தோன்றவில்லை. சத்தம் அதிகமானால் அம்மா வாக்கரைத் தூக்கித் தரையில் தட்டுவாள், டக் டக் என்று. அந்தத் தட்டலில்தான் வடிவு விழித்துக்கொள்வாள். அவள் விழித்ததும் சத்தம் நின்றுவிடும். போயிட்டு பாரு, தட்டுனா போயிருது, என்பாள் அம்மா இருட்டில், ஜெயித்தவள்போல. அவளும் ம் என்று சொல்லித் திரும்பிப் படுப்பாள். பயிற்சி வகுப்புக்கு மதுரைக்குப் போய்விட்டு வந்தபோது, துணைக்குப் படுத்திருந்த மதினியின் முன்னாலேயே அம்மா சொன்னாள், ரெண்டு நாளா எலியைக் காணோம், நீ வச்ச பொறிக்குப் பயந்து எங்கயும் ஓடிட்டோ என்னவோ. அன்று ராத்திரி அது திரும்பி வந்தது. தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நாள். இடுப்பு வலியோடு தூக்கம் வராமல் கிடக்கிற கிழவி, மகளின் வாயிலிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மகள் எழுந்து அலையக் கூடாதே என்று முதலில் பொறுத்துப் பார்த்து, பிறகு எலியை விரட்டத் தரையைத் தட்டியிருக்கிறாள். தன்னைப் பிடிக்கத் தானே தேங்காய் சுட்டிருக்கிறாள் வடிவு. கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது, துடைக்க முடியவில்லை. மாவு கூசுதா, இன்னும் கொஞ்சம்தான், மூக்கால மூச்சு விடுங்க என்றாள் பேச்சி, குரல் மாறி.

அப்போது மடியில் இருந்த போன் அடித்தது. பேச்சி எட்டிப் பார்த்தாள். தம்பின்னு போட்டிருக்கு, எடுக்கட்டா என்றாள். வடிவின் கை எழுந்தது. வேண்டாம் என்றுதான் எழுந்தது. பேச்சி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு, பச்சையைத் தள்ளி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரையும் போட்டாள். உங்க அக்கா வாயில மாவு இருக்கு, பேச முடியாது, பல் அளவு எடுக்கோம் என்று அவளே விவரமும் சொன்னாள். ஆவுடை சிரித்தான், எதுக்கு அளவு, இப்பவே பல்செட்டா என்றான். பிறகு குரலை இறக்கினான். கம்பெனியில் மேலே உள்ளவர்கள் இப்போதே கேட்கிறார்களாம், மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டுமாம்.

"எக்கா, ஒண்ணும் பேச வேண்டாம். சரியா இல்லையான்னு மட்டும் சொல்லு. போகட்டுமா?"

சொல்லிவிட்டு அவன் காத்திருந்தான். காத்திருப்பது கேட்டது. பேச்சியும் தன் பேச்சை நிறுத்திவிட்டு வடிவின் முகத்தைப் பார்த்தாள். தலையை அசைக்கக்கூடாது. வடிவின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒன்று கிளம்பியது, அதற்கு அவளே ஆச்சரியப்பட்டாள், அது ம் இல்லை, ம்ஹூம், கைக்குழந்தை பாலை வேண்டாம் என்று தள்ளும்போது சொல்கிறதே அது. நிஜமாகவே சொன்னாள். ஆனால் நடுவில் இருக்கிற அந்த ஹூ வெளியே வர வாய்க்குள் கொஞ்சம் இடம் வேண்டும். அங்கே இடம் இல்லை. முன்னாலும் பின்னாலும் உள்ள ம் இரண்டும் ஒட்டிக்கொண்டு, எப்போதும் வருகிற அந்த நீள ம்மாக வந்தது.

"எனக்குத் தெரியும்க்கா நீ சொல்லுவேன்னு," என்றான் ஆவுடை. அவன் குரல் உடைந்திருந்தது. "ரெண்டே வருசம். பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, ஓடிரும்."

வைத்துவிட்டான். பேச்சி போனை மடியில் திரும்ப வைத்தாள். நல்லா இருக்கு, டாக்டர் கடிக்காதங்காவ, தம்பி கடிங்காவ, நீங்க யார் சொல்லதைக் கேப்பீய என்று சிரிக்கப் பார்த்தவள், வடிவின் முகத்தைப் பார்த்து, தன் முந்தானையின் நுனியால் அவள் காதோரத்தைத் துடைத்துவிட்டாள். அதுவரை பேசியவள் பேசாமல் நின்றது வடிவுக்குத் தாங்கவில்லை. இப்போது அங்கே அவன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருப்பான். அவர்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள். இப்படியே இருந்துவிடலாம். ஒரு எழுத்துத்தானே குறைந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, வாயில் மாவு இருந்தது, அவ்வளவுதான். இரண்டு வருடம். பொறியில் தேங்காயை மாற்றிக்கொண்டு.

டாக்டர் வந்து விரலைக் கொடுத்து இழுத்தார். முத்தமிடுவதுபோல ஒரு சத்தத்தோடு வார்ப்பு கழன்று வந்தது. மேல் வரிசைப் பற்கள் எல்லாம் இளஞ்சிவப்பு மாவில் குழிகளாகப் பதிந்திருந்தன. டாக்டர் விளக்கைச் சாய்த்துக் காட்டினார். மற்றவர்களுக்கு இங்கே மேடும் பள்ளமுமாக இருக்கும், உங்களுக்குத் தேய்ந்து சமமாகிவிட்டது பாருங்கள். வடிவு பார்த்தாள். இழைப்புளி வைத்து இழைத்ததுபோல இருந்தது. இத்தனை இரவுகளில் இதை அவள் செய்திருக்கிறாள், தனக்கே தெரியாமல், அம்மாவைத் தூங்கவிடாமல். உறை பல்லைக் காப்பாற்றும், கடிப்பதை நிறுத்தாது, அதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கும், அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வாய் கொப்பளித்துத் துப்பியதும் ஒரு பயிற்சி சொன்னார். பகலில் பல் சேர்ந்திருப்பது தெரிந்தால் மெதுவாக ‘நான்’ என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அந்த ன்னிலேயே நிறுத்திவிட வேண்டும். நாக்கு மேலே அண்ணத்தில் போய் நிற்கும், பல் தானாக விலகியிருக்கும். சொல்லிப் பாருங்கள். வடிவு சொல்லிப் பார்த்தாள். டாக்டருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

செருப்பு விடுகிற இடத்தில், மாடிப்படி தொடங்கும் இடத்தில், அவள் நின்றாள். ஒரு செருப்பை மாட்டியிருந்தாள், இன்னொன்று தரையில் கிடந்தது. வாயில் இன்னும் மாவின் மணம். போனை எடுத்தாள், பையில் போட்டாள், எடுத்தாள். வீட்டுக்குப் போய்ப் பேசலாம், வீட்டில் அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள், அம்மாவுக்குக் கேட்கும்படி அம்மாவைப் பற்றி இதை எப்படிச் சொல்வது, நாளைக்கு, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, அதற்குள் கையெழுத்துப் போட்டிருப்பான். பல் சேர்ந்திருந்தது. போட்டாள். முதல் மணியிலேயே ஆவுடை எடுத்தான், பின்னால் குக்கர் சத்தமும் குழந்தையின் சத்தமும் கேட்டன. எக்கா, முடிஞ்சுட்டா, இப்பதான் மெயில் அடிச்சுக்கிட்டிருக்கேன் என்றான்.

"ஆவுடை, நான் ம்ஹூம்னுதான்டா சொன்னேன்."

"எப்ப?"

"வாயில மாவு இருந்துச்சுல்லா. அப்ப."

குழந்தை எதையோ கேட்டது, இரு கண்ணு என்றான் அதனிடம். குல்லாய் அதன் தலையில் இருக்கிறதோ என்னவோ. பரவாயில்லை நீ போயிட்டு வா, சும்மா சொன்னேன் என்ற வாக்கியம் முழுதாக அவள் வாயில் வந்து நின்றது, நாக்கைக்கூட அசைக்க வேண்டாம், அது தானே போய்விடும். அதற்கு முன்னால் வேறொன்றைச் சொன்னாள்.

"அம்மா ராத்திரி எலி எலின்னு சொல்லுவால்லா."

"ஆமா. பொறி வச்சியே. மாட்டிட்டா?"

"அது எலி இல்லலே."

"பின்னே?"

"நான்."

கீழே மருந்துக்கடையில் யாரோ சீட்டைக் கொடுத்துவிட்டு வேகமாகத் தரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆவுடைக்குப் புரிய நேரம் எடுத்தது, புரிந்தது அவளுக்குக் கேட்டது. எக்கா என்றான். பிறகு வழக்கமாகச் சொல்கிற குரலில், கொஞ்ச நாளைக்குப் பல்லை, என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றுவிட்டான். குக்கரை யாரோ அணைத்தார்கள். அவனும் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. ஒரு காலில் செருப்போடு சுவரில் சாய்ந்து நின்றிருந்த வடிவின் நாக்கு இன்னும் அந்தச் சொல்லின் கடைசி ன்னிலேயே நின்றது. அழுகை வந்துகொண்டிருந்தது. பல் எதையும் தொடவில்லை.